தெரியாமல் கலந்து கொடுக்கும் மாத்திரை: மனநல மருத்துவர் எழுதித் தரலாமா?

கேள்வி

சிறு நகரம் ஒன்றில் மனநல மருத்துவராகப் பணி தொடங்கி ஓராண்டு ஆகிறது. குடிநோயாளி ஒருவரின் மனைவி தனியே வந்து, கணவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்க, குடித்தால் உடலுக்கு ஒவ்வாமல் செய்து குடியை நிறுத்த உதவும் டைசல்ஃபிராம் மாத்திரை எழுதித் தருமாறு கேட்கிறார். கையில் அடிபட்ட தழும்புகளோடு நிற்பவரை வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை. மூத்த மருத்துவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1

எழுதித் தராதீர்கள். மதுவிலிருந்து உடலில் உருவாகும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருள் சிதைவதை அம்மருந்து தடுப்பதால், அதை உட்கொண்டது அறியாமல் குடிப்பவருக்கு முகம் சிவந்து, வாந்தி வந்து, இரத்த அழுத்தம் சரிந்து, உயிரே போகவும் கூடும். மாத்திரையை நிறுத்திய பிறகும் இவ்விளைவு 2 வாரம் வரை நீடிக்கலாம். நேரில் பார்க்காதவரின் கல்லீரலும் இதயமும் எந்த நிலையில் உள்ளன என்பதை எப்படி அறிவீர்கள்? (குடியை மறக்கச் செய்யும் பொடிக்குச் சுவரொட்டி ஒட்டுபவர்களின் வரிசையில் நாமும் சேர வேண்டாம்.)

மறுமொழி 2

2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மதுப் பழக்கம் சார்ந்த மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்திருக்கிறது. எனவே, முடிவெடுக்கும் திறனுள்ள ஒருவருக்கு அவருடைய ஒப்புதலின்றிச் சிகிச்சை அளிக்க இயலாது. ஆனால் உங்கள் எதிரில் நிற்பவர் அந்த அம்மையார்தான். அவரது காயங்களை முறையாகப் பதிவு செய்யுங்கள், 181 என்ற மகளிர் உதவி எண்ணைத் தெரிவியுங்கள், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி பாதுகாப்பு அலுவலரை அணுகலாம் என்றும் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்

நன்றி. நான் மாத்திரையைப் பற்றியே யோசித்து, காயங்களைக் குறிப்பேட்டில் எழுதத் தவறிவிட்டேன். நாளை மீண்டும் வரச் சொல்லியிருக்கிறேன்.