சூடான பிறகு முழுசாக மிதித்தால் திக்குகிறது, செக் என்ஜின் விளக்கு மினுக்குகிறது: டர்போவே போய்விட்டதா?

சின்னக்காளை:
எல்லாருக்கும் வணக்கம். வண்டி ஒரு குட்டி ஹாட் ஹேட்ச். 1.4 லிட்டர் டர்போ பெட்ரோல், டைரக்ட் இன்ஜெக்ஷன், ஆறு கியர் மேனுவல், முன்சக்கர இழுவை. செகண்ட் ஹேண்டில் வாங்கியது, முன்னால் வைத்திருந்தவர் ஸ்டேஜ் 1 ரீமேப் (பவர் கூட்ட என்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றுவது) போட்டிருக்கிறார். காலையில் எடுத்தவுடன் அருமையாக ஓடுகிறது, ஐடிலில் ஒரு நடுக்கம்கூட இல்லை, சாதாரணமாக ஓட்டினால் குறையே தெரியாது. ஆனால் என்ஜின் நன்றாகச் சூடான பிறகு மூன்றாவது அல்லது நான்காவது கியரில் ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்தால், 3,000 ஆர்பிஎம் தாண்டும் இடத்தில், யாரோ பின்னாலிருந்து பிடித்துப் பிடித்து விடுவது போல வெட்டி வெட்டிப் போகிறது. அந்த நேரத்தில் செக் என்ஜின் விளக்கு மினுக்குகிறது, காலை எடுத்தால் மினுக்கல் நின்றுவிடுகிறது. மெக்கானிக் ஓட்டிப் பார்த்துவிட்டு டர்போவை மாற்றச் சொல்கிறார். அவ்வளவு பெரிய செலவில் இறங்குவதற்கு முன் வேறு என்னென்ன பார்க்க வேண்டும்?

கறுப்புக்கை:
முதலில் முழுசாக மிதிப்பதை நிறுத்துங்கள் ப்ரோ. அந்த விளக்கு சும்மா எரிந்துகொண்டிருந்தால் அது வேறு, மினுக்கினால் வேறு. மினுக்கினால் கடுமையான மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றவில்லை என்று அர்த்தம், எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரிகிறது, அது உருகிப் போனால் டர்போ செலவோடு அதுவும் சேர்ந்துகொள்ளும்.

டர்போ கெட்டால் இப்படி வெட்டாது. இழுவை மந்தமாக இருக்கும், புகை வரும், ஆயில் குறையும், இல்லை சைரன் மாதிரி ஒரு சத்தம் கேட்கும். ஓபிடி ஸ்கேனர் போட்டு என்ன கோடு (பழுதைச் சொல்லும் எண்) இருக்கிறது என்று எழுதுங்கள். கோடு பார்க்காமல் டர்போ மாற்றச் சொன்ன மெக்கானிக்கிடம் வண்டியைத் திரும்ப விடவேண்டாம் என்பது என் கருத்து.

வளைவுராசா:
டைரக்ட் இன்ஜெக்ஷன் என்கிறீர்களே, இன்டேக் வால்வு முழுக்கக் கார்பன் படிந்திருக்கும். இந்த வகை என்ஜினில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் போவதால் வால்வைக் கழுவ ஒன்றுமே இல்லை. மேனிஃபோல்டைக் கழற்றி வால்நட் பிளாஸ்டிங் (வால்நட் ஓட்டுத் தூளைப் பீய்ச்சிக் கார்பனை உதிர்ப்பது) செய்யுங்கள், புது வண்டி மாதிரி ஆகிவிடும்.

பிளக்குப்பித்தன்:
கார்பன் இருக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கார்பன் மிஸ்ஃபயர் பெரும்பாலும் குளிர்ந்த என்ஜினில், காலை ஐடிலில்தான் முதலில் தெரியும். இவருக்கு நேர் எதிராக இருக்கிறது: குளிரில் சுத்தம், சூட்டிலும் பூஸ்ட்டிலும் (டர்போ காற்றை அழுத்தித் தரும்போதும்) மட்டும் தகராறு. இது ஸ்பார்க் பக்கம்தான் கை காட்டுகிறது. கோடு வரட்டும்.

சின்னக்காளை:
ஸ்கேன் பண்ணியாச்சு. பி0300, பி0303 இரண்டும் இருக்கின்றன. பி0299 இருக்கிறதா என்று தனியாகத் தேடினேன், இல்லை.

பிளக்குப்பித்தன்:
நல்லது. பி0299 என்றால் பூஸ்ட் போதவில்லை என்று அர்த்தம், அது இல்லாததால் டர்போவை இப்போதைக்கு மறந்துவிடலாம். பி0300 பொதுவான மிஸ்ஃபயர் கோடு, பி0303 என்றால் 3ஆம் சிலிண்டரில் மிஸ்ஃபயர்.

ஏன் பூஸ்ட்டில் மட்டும் என்றால், டர்போ காற்றைத் திணிக்கத் திணிக்க சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறுகிறது, அழுத்தம் ஏற ஏற ஸ்பார்க் பிளக்கின் முனை இடைவெளியை (கேப்) பொறி தாண்டுவதற்குக் கூடுதல் வோல்ட்டேஜ் வேண்டும். பிளக்குக்கு அந்த வோல்ட்டேஜைத் தருகிற காயில் தளர்ந்திருந்தாலோ, அதன் ரப்பர் உறையில் விரிசல் இருந்தாலோ, பிளக் தேய்ந்து கேப் அகன்றிருந்தாலோ பொறி வேறு வழியில் கசிந்துவிடும். ரீமேப் வேறு போட்டிருப்பதால் பூஸ்ட் கம்பெனி அளவைவிட அதிகம், அதனால் கம்பெனி ட்யூனில் தாக்குப்பிடிக்கிற காயில் இங்கே கைவிட்டுவிடும்.

செலவே இல்லாத ஒரு சோதனை: என்ஜின் ஆறிய பிறகு 3ஆம் சிலிண்டர் காயிலைக் கழற்றி 1இல் போடுங்கள், 1இல் இருந்ததை 3இல் போடுங்கள். பிளக்கைத் தொடவேண்டாம், இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது குற்றவாளி என்றே தெரியாமல் போய்விடும். கோடை அழித்துவிட்டு, காலியான ஒரு ஏற்றத்தில் மூன்றாவது கியரில் ஒரே ஒரு முறை சுமை கொடுங்கள், திக்கியதும் காலை எடுத்துவிடுங்கள். பி0301 வந்தால் காயில். பி0303 ஆகவே நின்றால் அடுத்தது பிளக்கை இடம் மாற்ற வேண்டும், அதற்கும் அசையவில்லை என்றால் இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று போகவேண்டியதுதான்.

கறுப்புக்கை:
காயிலை எடுக்கும்போது பிளக் குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ஆயில் நின்றால் டாப்பெட் கவர் கேஸ்கெட்டும் போயிருக்கிறது, அதை விட்டுவிட்டுப் புதுக் காயில் போட்டாலும் ரப்பர் ஊறிக் கெட்டுவிடும்.

சின்னக்காளை:
கோடு நகர்ந்துவிட்டது அண்ணே! பி0301. குழியில் ஆயில் இல்லை. அந்தக் காயிலின் ரப்பரை வளைத்துப் பார்த்தால் முடி அளவுக்கு ஒரு விரிசல், அதற்கு நேரே பிளக்கின் வெள்ளைப் பீங்கான் மேல் பென்சிலால் கோடு போட்டது போல மேலிருந்து கீழே ஒரு கறுப்புக் கீற்று. பிளக் கேப் ஃபீலர் கேஜில் 0.9 மி.மீ. வந்தது.

பிளக்குப்பித்தன்:
அந்தக் கீற்றுதான் பொறி ஓடிய தடம். அதைத் துடைத்துத் திரும்பப் போடவேண்டாம், தடம் விழுந்த பிளக் புதுக் காயில் ரப்பரையும் கெடுத்துவிடும். நான்கு பிளக்கும் புதுசு. காயிலில் ஒன்று மட்டும் கட்டாயம், மற்ற மூன்றும் அதே வயது என்பதால் கையில் காசு இருந்தால் நான்கையும் மாற்றுங்கள்.

ரீமேப் போட்ட வண்டிக்கு 0.7 மி.மீ. பக்கம் கேப் வைப்பது வழக்கம், இருந்தாலும் மேப் எழுதியவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். இரிடியம் என்றால் நடுவில் இருக்கிற மெல்லிய முனையில் கேஜ் உரசவே கூடாது, வெளிக்கொம்பை மட்டும் வளைக்க வேண்டும். ஹெட் அலுமினியம், அதனால் என்ஜின் ஆறியிருக்கும்போது கையால் திருகி ஏற்றிவிட்டு, டார்க் ரெஞ்சில் மேனுவலில் சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்குங்கள்.

வளைவுராசா:
சரி, கார்பன் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஆறாவது கியரில் 1,500 ஆர்பிஎம்மில் போகும்போது கியரைக் குறைக்காமல் முழுசாக மிதிக்கிற பழக்கம் இருந்தால் விடுங்கள். சின்ன டர்போ டைரக்ட் இன்ஜெக்ஷன் என்ஜினில் பொறி வருமுன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும், பிஸ்டனே உடைந்த கதை உண்டு. ஆயில் டப்பாவில் ஏபிஐ எஸ்பி என்று இருக்கட்டும், 2020இல் வந்த அந்தத் தரத்தில் இதற்கென்றே தனிச் சோதனை இருக்கிறது.

சின்னக்காளை:
நான்கு பிளக், நான்கு காயில் போட்டாச்சு, கேப் 0.7. நல்ல சூட்டில் அதே ஏற்றத்தில் மிதித்தேன், சுத்தமாக ஏறுகிறது, விளக்கும் இல்லை, கோடும் இல்லை. ரொம்ப நன்றி. ஒரே ஒரு சந்தேகம், முழு இழுவை வந்ததும் இரண்டாவது கியரில் மிதித்தால் ஸ்டீயரிங் வலது பக்கம் இழுக்கிறது. முன்பு இது இல்லை. அலைன்மென்ட் பார்க்கவா?

கறுப்புக்கை:
அது டார்க் ஸ்டீயர். இடது, வலது டிரைவ் ஷாஃப்ட் நீளம் வேறாக இருந்தால் மிதிக்கும்போது இப்படி இழுக்கும், இத்தனை நாள் பாதி பவரில் ஓட்டியதால் தெரியவில்லை. முதலில் இரண்டு முன் டயரிலும் காற்று சமமா என்று பாருங்கள். அப்புறம் கவனியுங்கள்: கியரை நியூட்ரலில் போட்டு உருளவிட்டாலும் இழுத்தால் அலைன்மென்ட்டோ டயரோ. மிதித்தால் வலது, காலை எடுத்தால் இடது என்று மாறி மாறி இழுத்தால் லோயர் ஆர்மின் (முன்சக்கரத்தை வண்டியோடு கீழே இணைக்கும் கை) பின்பக்க ரப்பர் புஷ் போயிருக்கும். வண்டியைத் தூக்கி அந்த ஆர்மை ஒரு கம்பியால் நெம்பிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் ரப்பர் கிழிந்திருப்பது கண்ணுக்கே தெரியும்.