மாப்பிள்ளை அழைப்புக்கு எந்த வண்டி?

நான்: ஐப்பசி 20 மாலை, அழைப்பு மணக்குள விநாயகர் கோயிலில் புறப்பட்டு காந்தி வீதி வழியாக முத்தியால்பேட்டை மண்டபம் சேரும். எந்த வண்டி என்று பூ அலங்காரம் செய்பவருக்கு இன்று இரவுக்குள் சொல்ல வேண்டும். பெரியப்பாவின் பழைய பிரிட்டிஷ் திறந்த கார் எம்ஜிபியா, சித்தப்பாவின் டொயோட்டா கேம்ரியா?

சித்தப்பா: இதில் கேள்வி என்ன? கேம்ரி.

பெரியப்பா: அனைவருக்கும் வணக்கம். என்னுடையது 1965ஆம் ஆண்டு எம்ஜிபி. 1798 சிசி எஞ்சின், பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் இரண்டு எஸ்யூ கார்புரேட்டர்கள், 95 குதிரைத்திறன், எடை ஒரு டன்னுக்கும் குறைவு. பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த தம்பியின் கேம்ரி ஹைபிரிட்டுக்கு அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் திறன் உண்டு என்பதையும், ஸ்போர்ட்ஸ் கார் என்று பெயர் வாங்கிய என் வண்டியை அது எளிதாக முந்திவிடும் என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் மாப்பிள்ளையை ஊர் பார்க்கத்தான் அழைப்பு. கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியில் உட்கார்ந்திருப்பவரை யார் பார்ப்பார்கள்?

அத்தை: சாவியைத் திருப்பினால் டக் டக் என்று சத்தம் வருமே அண்ணா, அது சரியாகிவிட்டதா?

பெரியப்பா: அது பழுதல்ல அம்மா. பெட்ரோல் பம்பு கார்புரேட்டரை நிரப்பும் சத்தம். நிரம்பியதும் தானே அடங்கிவிடும். அடங்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் டேங்க் காலி என்று பொருள்.

சித்தப்பா: என் கல்யாணத்தன்று அடங்காமல்தான் அடித்தது.

கடலூர் மாமா: மண்டபம் வரை தள்ளியவன் நான்.

பெரியப்பா: பெட்ரோல் போட மறந்தது நான், இருபத்தாறு வருடமாக வண்டியின் மேல் பழி போடுகிறீர்கள்.

கடலூர் மாமா: இந்த முறை நானே போட்டுத் தருகிறேன், மச்சான். விலை குறைவு என்று புதுச்சேரிக்கு வந்துதானே போடுகிறேன்.

அத்தை: வருகிறீர்கள்; வீட்டுப் பக்கம்தான் எட்டிப் பார்ப்பதில்லை.

பெரியப்பா: தாராளமாகப் போடுங்கள். 20 சதவீதம் எத்தனால் கலந்து வருவதால் பழைய ரப்பர் குழாய்களைச் சென்ற மாதமே மாற்றிவிட்டேன்.

சித்தப்பா: ஊர்வலம் நடை வேகத்தில் நகரும். அண்ணன் வண்டியின் விசிறி எஞ்சினோடு சேர்ந்து சுழல்வது. எஞ்சின் மெதுவாக ஓடினால் விசிறியும் மெதுவாகவே சுழலும், நேரு வீதி முனை தாண்டுவதற்குள் ஆவி பறக்கும். கேம்ரி அந்த வேகத்தில் மின்மோட்டாரிலேயே சத்தமின்றிப் போய்விடும். எம்ஜிபியில் இருக்கையும் இரண்டே. அண்ணன் ஓட்டினால் மாப்பிள்ளைத் தோழன் எங்கே உட்காருவான்?

பெரியப்பா: இருக்கைகளுக்குப் பின்னால் ஒரு மேடை இருக்கிறது. அடியில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள், அவ்வளவுதான்.

அத்தை: என் பேரனைப் பேட்டரியின் மேலா உட்கார வைப்பீர்கள்?

அண்ணன் (மாப்பிள்ளை): எனக்கு எம்ஜிபிதான் ஆசை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால்?

பெரியப்பா: துணிக்கூரையை மாட்டப் பத்து நிமிடம் போதும்.

கடலூர் மாமா: மாப்பிள்ளை நனைவதற்கும் அது போதும்.

நான்: பூக்காரர் மறுபடியும் அழைக்கிறார். வண்டியின் நீளம் வேண்டுமாம். எம்ஜிபி 3.9 மீட்டர், கேம்ரி 4.9 மீட்டர்.

சித்தப்பா: 4.9.

பெரியப்பா: 3.9 என்று சொல்.

அத்தை: 4.9 என்றே சொல்லிவை. மிஞ்சினால் சின்ன வண்டியில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொள்ளலாம்.