பாதியில் நின்ற பயிற்சியோடு முதல் அல்ட்ரா: அனுபவங்களைச் சொல்லுங்கள்

மண்பாதை:

மாரத்தானைவிட நீளமான ஓட்டமான அல்ட்ராவுக்கு முதல்முறையாகப் பெயர் கொடுத்திருக்கிறேன். 50 கிலோமீட்டர், மலைப்பாதை, ஒன்பது மணி நேர வரம்பு. மாரத்தான் ஓடிய பழக்கம் இருப்பதால், அதற்கு மேல் இன்னும் எட்டுக் கிலோமீட்டர்தானே என்ற தைரியத்தில் இறங்கினேன். பயிற்சியும் முதல் பாதி வரை சொன்னபடி கேட்டது. அதன்பின் காய்ச்சல். காய்ச்சல் விட்டதும் இருமல். இருமலும் விட்டு ஓடத் தொடங்கினால் வலது முழங்காலின் வெளிப்புறத்தில் வலி. ஐந்தாறு கிலோமீட்டர் வரை ஒன்றும் தெரிவதில்லை; அதற்குமேல் அடுத்த அடி எடுத்து வைக்க முடியாதபடி பிடித்துக்கொள்கிறது. இறக்கத்தில் இன்னும் மோசம். அட்டவணையில் கனமாக இருந்த வாரங்கள் எல்லாம் இப்படியே கரைந்துவிட்டன. போட்டிக்கு இரண்டு மாதம்கூட இல்லை.

‘உன்னால் முடியும்’ என்று முதுகில் தட்டுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. எனக்கு வேண்டியது அதுவல்ல. இதே நிலையில் சிக்கியவர்கள் என்ன செய்தீர்கள், போட்டி நாளில் என்ன நடந்தது, அதைச் சொல்லுங்கள்.

நிதானம்:

தம்பி, என் முதல் அல்ட்ராவுக்கு முன்பு கணுக்கால் புரண்டு, ஷூவுக்குள் கால் நுழையாத அளவுக்கு வீங்கிவிட்டது. வீக்கம் வடிந்த பிறகும் ஓடக்கூடாது, நடக்கலாம் என்றார் மருத்துவர். வேறு வழியில்லாமல் நடந்தேன். முதலில் கடுப்பாகத்தான் இருந்தது. கைத்தடியோடு நடைப்பயிற்சிக்கு வரும் பெரியவர்கள் என்னை முந்திக்கொண்டு போனார்கள்; ஒருவர் திரும்பிப் பார்த்து நலம் விசாரிக்கவும் செய்தார்.

அந்தக் கடுப்பில் ஒருநாள் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். அதையே உங்கள் போட்டிக்கும் போட்டுக் காட்டுகிறேன். ஒன்பது மணி என்றால் 540 நிமிடம். 50-ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு 10 நிமிடம் 48 விநாடி. மணிக்கு ஆறு கிலோமீட்டர் வேகத்தில் விறுவிறுப்பாக நடக்கிறவர் ஒரு கிலோமீட்டரைப் பத்து நிமிடத்தில் முடிப்பார். சமதளமாக இருந்தால் ஓட்டமே இல்லாமல் 8 மணி 20 நிமிடத்தில் கோட்டைத் தாண்டிவிடலாம். மலைப்பாதையில் அது நடக்காது, சரி. ஏற்றம் மட்டும் 15 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கிலோமீட்டருக்கு 14 நிமிடமாக நடந்தால் 210 நிமிடம். மீதி 35 கிலோமீட்டரை ஓட்டமும் நடையுமாக ஒன்பது நிமிட வேகத்தில் கடந்தால் 315 நிமிடம். மொத்தம் 525 நிமிடம், அதாவது எட்டே முக்கால் மணி.

மிச்சம் 15 நிமிடம். கவனிக்க வேண்டிய இடம் இதுதான். வழியில் தண்ணீரும் உணவும் கொடுக்கும் உதவி நிலையங்கள் ஐந்து இருந்து, ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம் நின்று பேசினால் 25 நிமிடம் போய்விடும். பயிற்சி போதாமல் வரம்பைத் தவறவிட்டதாகச் சொல்கிறவர்களில் பலர் உண்மையில் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள் என்பது என் எண்ணம். வரம்பு என்பது கறாரான விஷயம். தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் ஓட்டத்தில் 12 மணி நேரம் முடிகிற நொடியில், வந்துகொண்டிருக்கிறவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று துப்பாக்கியை வெடிப்பார்கள். சுடுகிறவருக்கு யார் முகமும் தெரியாது. ஓரடி தூரத்தில் இருந்தாலும் அவ்வளவுதான்.

ஆகவே நடையையே பயிற்சியாக்கினேன். உலா போகிற நடை வேறு. இது முழங்கையை மடக்கி வீசி, குட்டை அடியாக, பேச்சு திணறாத வேகத்தில் போகும் நடை. வார இறுதிகளில் நான்கு, ஐந்து மணி நேரம். முழங்காலுக்குக் கீழே, காலின் முன்பக்கத் தசை முதலில் எரியும். ஓட்டக்காரர்களுக்கு அந்த இடம் பழகியிருக்காது. கணுக்கால் தேறியதும் இடையிடையே ஓட்டத்தைச் சேர்த்துக்கொண்டேன்.

போட்டியன்று முதல் ஏற்றத்திலேயே நான் நடந்தேன். சுற்றிலும் எல்லோரும் ஓடினார்கள். கூச்சமாக இருந்ததை மறைக்க விரும்பவில்லை. 35-ஆவது கிலோமீட்டரைத் தாண்டிய பிறகு ஒரு நீண்ட சரிவில் அதே ஆட்களை ஒவ்வொருவராகக் கடந்தேன். அவர்களும் அப்போது நடந்துகொண்டுதான் இருந்தார்கள். ஆனால் அது நடக்கப் பழகாதவர்களின் நடை: கைகளை இரண்டு தொடையிலும் ஊன்றி, நாலு அடிக்கு ஒருமுறை நின்று. ஒருவர் பாறையில் உட்கார்ந்து ஷூவைத் தலைகீழாகத் தட்டிக்கொண்டிருந்தார். கல் எதுவும் விழவில்லை. கொப்புளத்தைக் கல் என்று நினைத்திருக்கிறார். நான் வரம்புக்குச் சில நிமிடங்கள் முன்பாகப் போய்ச் சேர்ந்தேன்.

இரவுப்பணி:

நிதானம் ஐயா சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. என் கதை காயம் அல்ல, வீட்டுச் சூழ்நிலை. அப்பா மருத்துவமனையில் இருந்தார். துணைக்கு இருந்தது நான். நீண்ட ஓட்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை. கிடைத்தது அந்தக் கட்டடத்தின் மாடிப்படி. அவர் தூங்கும் நேரத்தில், முதுகில் தண்ணீர்ப் பையை மாட்டிக்கொண்டு ஏறி இறங்குவேன். காவலாளி முதலில் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு, ‘இன்றைக்கு எத்தனை?’ என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டார்.

அப்பா வீடு திரும்பிய பிறகு போட்டிக்கு மிஞ்சியது சில வாரங்கள். அப்போது ஒரே நாளில் நீளமாக ஓடாமல், சனிக்கிழமை மூன்று மணி நேரம், ஞாயிறு அதே களைப்போடு இரண்டு மணி நேரம் என்று பிரித்துக்கொண்டேன். களைத்த காலோடு ஓடிப் பழகுவது அல்ட்ராவில் பழைய வழக்கம். ஒரே மூச்சில் ஐந்து மணி நேரம் ஓடுவதைவிட உடம்புக்கு அடி குறைவு. ஆனால் மண்பாதை தம்பி, முழங்கால் ஒத்துழைத்தால் மட்டும் இதைச் செய்யுங்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வயிற்றைப் பற்றி. காலுக்குப் பயிற்சி விட்டுப்போனால் எல்லோரும் பதறுகிறார்கள். வயிற்றுக்கு விட்டுப்போனதை யாரும் கவனிப்பதில்லை. பல மணி நேர ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும் என்பது பொதுவான கணக்கு. குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கலந்தது என்றால் பழகிய வயிறு 90 கிராம் வரைகூடத் தாங்கும். பழகாத வயிற்றில் இதைத் திணித்தால் மூன்றாவது மணி நேரத்தில் வாந்திதான். நான் மாடிப்படியில் ஏறும்போதே அரை மணிக்கு ஒருமுறை ஜெல் (ஓட்டக்காரர்களுக்கான இனிப்புக் கூழ்) சாப்பிட்டுப் பழகினேன். பார்த்தவர்கள் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்றே நினைத்தார்கள். போட்டியன்று இனிப்பு வாயில் வைக்கப் பிடிக்காத நேரம் வந்தது. அப்போது உப்புத் தூவிய உருளைக்கிழங்குதான் கடைசி வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. அதையும் முன்பே சாப்பிட்டுப் பார்த்திருந்தேன்.

ஒற்றைவிரல்:

நான் போட்டிக்குப் போகவில்லை. அந்த அனுபவமும் இங்கே இருக்கட்டும்.

முழங்காலுக்குக் கீழே, முன்எலும்பில், ஒற்றை விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஓர் இடத்தில் வலி. ஓடாதபோதும் வலித்தது, இரவிலும் வலித்தது. எக்ஸ்ரேயில் எதுவும் தெரியவில்லை. எலும்பில் விழும் மெல்லிய விரிசல் ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜமாம். எம்.ஆர்.ஐ. எடுத்தபோது தெரிந்தது. தசை வலி பரவலாக இருக்கும், உடம்பு சூடானால் குறையும். எலும்பு வலி ஓர் இடத்தில் நிற்கும், ஓட ஓடக் கூடும். இந்த வேறுபாட்டை மருத்துவர்தான் சொல்லிக்கொடுத்தார்.

போட்டி நடத்துகிறவர்களுக்கு எழுதிக் கேட்டேன். பதிவை அடுத்த ஆண்டுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். எல்லாப் போட்டிகளிலும் இந்த வசதி கிடையாது, அதற்குக் கடைசித் தேதியும் உண்டு. உங்கள் போட்டியின் விதிமுறையை இன்றைக்கே எடுத்துப் படியுங்கள்.

சரிவு:

ஏற்றத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். மலைப்பாதையில் ஆளைச் சாய்ப்பது இறக்கம். இறங்கும்போது தொடையின் முன்பக்கத் தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்குகிறது. தசை இழைகள் சிதைவது அப்போதுதான். என் பயிற்சி வேலைப்பளுவால் நின்றுபோனது. மிச்சமிருந்த நேரத்தில் தூரத்தைத் துரத்தாமல் சரிவான சாலை ஒன்றைப் பிடித்து, மேலே நடந்து ஏறுவதும் கீழே ஓடி இறங்குவதுமாக ஒரு காலைப்பொழுதைக் கழித்தேன். மறுநாள் உட்கார்ந்தால் எழுந்திருக்க நாற்காலியின் கைப்பிடியைப் பிடிக்க வேண்டியிருந்தது. இரண்டு வாரம் கழித்து அதே இடத்தில் அதே அளவு ஓடினேன். வலி பாதிகூட இல்லை. ஒருமுறை அடிபட்ட தசை அடுத்த சில வாரங்களுக்குக் காப்புப் பெற்றுவிடுகிறது. பயிற்சி குறைவாக உள்ளவர்களுக்கு இதைவிட மலிவான ஆதாயம் வேறு இல்லை. போட்டிக்குக் கடைசிப் பத்து நாளில் மட்டும் வேண்டாம்.

இடுப்புப்பட்டை:

சரிவு அண்ணாவின் யோசனை நல்லதுதான், ஆனால் மண்பாதைக்கு இப்போது பொருந்தாது. முழங்காலின் வெளிப்புறம், சில கிலோமீட்டர் கழித்துத் தொடங்குவது, இறக்கத்தில் கூடுவது: மூன்றும் சேர்ந்தால் இடுப்பிலிருந்து தொடையின் வெளிப்பக்கமாக முழங்கால் வரை இறங்கும் நார்ப்பட்டையைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள். எனக்கும் அதே வந்தது. அந்த நிலையில் மெதுவாக இறக்கத்தில் ஓடுவதுதான் அதை மிகவும் சீண்டும். வேடிக்கை என்னவென்றால் சமதளத்தில் சற்று வேகமாக ஓடினால் வலி குறைவாக இருக்கும். விறுவிறுப்பான நடையில் எனக்கு அறவே இல்லை.

பிசியோதெரபிஸ்ட் என் முழங்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வேலையை இடுப்புக்குக் கொடுத்தார். பக்கவாட்டில் படுத்து மேல்காலைத் தூக்கி இறக்குவது, ஒற்றைக் காலில் நின்று கண்ணாடி முன்னால் மெல்ல உட்கார்ந்து எழுவது. இரண்டாவதைச் செய்யும்போது என் முழங்கால் உள்பக்கமாகச் சரிவதைக் கண்ணாடியில் நானே பார்த்தேன். அதன்பின் அடியை இன்னும் குட்டையாக்கி ஓடச் சொன்னார். வலி தொடங்கும் தூரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும் என்பது கண்டிப்பு. ஆறில் வலித்தால் நாலில் நிறுத்து, நடந்து வீடு வந்து சேர். அந்தத் தூரம் வாரத்துக்கு வாரம் தள்ளிப்போவதைப் பார்க்கலாம். நுரையீரலையும் இதயத்தையும் சைக்கிளும் நீச்சல் குளமும் பார்த்துக்கொள்ளும். குளத்தில் மிதவைப் பட்டையைக் கட்டி, தரை தொடாமல் ஓடுகிற மாதிரி காலை அசைப்பது பார்க்கச் சிரிப்பாக இருக்கும். மூச்சு வாங்குவது நிஜமான ஓட்டத்தைப் போலவே இருக்கும்.

இன்னொன்று. ஓட்டத்தை நிறுத்தினால் முதலில் குறைவது ரத்தத்தில் உள்ள நீர்ப்பகுதி. அதனால்தான் திரும்பி ஓடும் முதல் வாரத்தில் இதயம் தாறுமாறாக அடித்து, எல்லாமே போய்விட்டது என்று தோன்றும். அது சீக்கிரம் திரும்பிவிடும். தசைநாணும் எலும்பும் அப்படியல்ல, அவை மெதுவாகத்தான் பழகும். மூச்சு சரியாகிவிட்டது என்று நம்பிப் பழைய தூரத்துக்குத் தாவுகிறவர்கள் அடுத்த காயத்தோடு இங்கே வந்து எழுதுகிறார்கள்.

மருத்துவக்கூடாரம்:

நான் ஓடுகிறவள் அல்ல. அல்ட்ரா போட்டிகளில் மருத்துவக் கூடாரத்தில் தன்னார்வலராக நிற்கிறவள். பயிற்சி குறைவாக வருகிறவர்களிடம் திரும்பத் திரும்பப் பார்ப்பது இரண்டு.

ஒன்று, பயத்தில் தண்ணீர் குடிப்பது. மெதுவாகப் போகிறவர்களுக்கு ஒவ்வொரு நிலையத்திலும் நின்று குடிக்க நேரம் இருக்கிறது, வியர்வையோ குறைவு. ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகிறது. 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தவர்களிடமும், நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களிடமும் அது அதிகம். அல்ட்ராவில் பெரும்பாலானவர்கள் நான்கு மணி நேரத்துக்கு மேல்தான். ஒரு பெண் கூடாரத்துக்குள் வந்தபோது விரலில் மோதிரம் சதையைக் கவ்விக்கொண்டிருந்தது, கைக்கடிகாரப் பட்டையை இரண்டு துளை தளர்த்தியிருந்தார். தலைவலி, குமட்டல், பேச்சில் சிறு தடுமாற்றம். நீர் வற்றிவிட்டது என்று சொல்லி மேலும் தண்ணீர் கேட்டார். கொடுக்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். தாகம் எடுத்தால் குடியுங்கள், எடுக்காவிட்டால் விடுங்கள்.

இரண்டு, வலி மாத்திரை. ஆறாத காயத்தோடு வருகிறவர்கள் இப்யூபுரூஃபனைச் சட்டைப்பையில் வைத்திருப்பார்கள். நீண்ட ஓட்டத்தில் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் ஏற்கெனவே குறைந்திருக்கும். இந்த மாத்திரை அதை இன்னும் குறைக்கும். மாத்திரை போட்டால்தான் ஓட முடியும் என்கிற முழங்கால் அன்றைக்கு ஓட வேண்டிய முழங்கால் அல்ல.

காய்ச்சலைப் பற்றியும் ஒரு சொல். காய்ச்சலின்போதும் விட்ட கையோடும் கடுமையாக ஓடுவது இதயத் தசைக்கு ஆபத்து. நெஞ்சுவலி, படபடப்பு, வழக்கத்தில் இல்லாத மூச்சுத்திணறல் எது இருந்தாலும் அட்டவணையை மூடி வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

மண்பாதை:

எல்லோருக்கும் நன்றி. விதிமுறையைப் படித்தேன், பதிவை மாற்றிக்கொள்ள இன்னும் மூன்று வாரம் அவகாசம் இருக்கிறது. அதுவரை இடுப்புக்கான பயிற்சி, குளம், நடை. மூன்றாவது வார இறுதியில் மலைப்பாதையில் ஐந்து மணி நேரம் நடையும் ஓட்டமுமாகப் போய்ப் பார்க்கிறேன். வலி இல்லாமல் இறங்க முடிந்தால் போட்டி, இல்லையென்றால் அடுத்த ஆண்டு. ஒரே ஒரு கேள்வி, நிதானம் ஐயா: கணக்கு எட்டே முக்கால் மணி என்று வந்தால் தொடக்கத்தில் சற்று வேகமாக ஓடி நேரத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளலாமா?

நிதானம்:

வேண்டாம். தொடக்கத்தில் சேர்க்கும் பத்து நிமிடத்துக்குக் கடைசியில் அரை மணி நேரம் கொடுக்க நேரிடும். ஆனால் இடைநிலை வரம்புகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். சில போட்டிகளில் முழுத் தூரத்துக்கான வரம்பு தாராளமாக இருக்கும், பாதி வழியில் உள்ள நிலையத்துக்கு மட்டும் இறுக்கமாக வைத்திருப்பார்கள். பெரிய ஏற்றம் முதல் பாதியில் இருந்தால் என் கணக்கு அங்கேயே அடிவாங்கும். ஒவ்வொரு நிலையத்தின் தூரம், ஏற்றம், வரம்பு மூன்றையும் இங்கே எழுதுங்கள், போட்டுப் பார்த்துவிடலாம்.