மானிட்டரில் மென்பொருள் கோளாறு என்று கடிதம் வந்திருக்கிறது: அப்பாவுக்குத் தொடர்ந்து மாட்டலாமா?

ஈசூன் மகள்:

வணக்கம். அப்பாவுக்கு 76 வயது, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பியபோது இரவில் ஆக்சிஜன் வைக்கச் சொன்னார்கள். கட்டிலருகே வைக்க ஒரு மானிட்டரைக் கருவிக் கடையில் வாங்கினோம். விரலில் மாட்டும் கிளிப், ரத்த அழுத்தப் பட்டை, ஈசிஜி ஒயர்கள், அவ்வளவுதான். வைஃபை வழியே எண்கள் என் கைப்பேசிக்கும் வரும். நான் இரவு வேலைக்குப் போகும் நாள்களில் பணிப்பெண் அதே அறையில் படுத்துக்கொள்வார். அலாரம் அடித்தால் எழுந்துவிடுவார் என்ற தைரியத்தில்தான் வீட்டை விட்டுக் கிளம்புகிறேன்.

இப்போது கடையிலிருந்து இரண்டு பக்க ஆங்கிலக் கடிதம் வந்திருக்கிறது. சாரம் இதுதான்: மின்சாரம் திடீரென்று நின்று கருவி மறுபடி இயங்கும்போது, நாம் வைத்த அலாரம் எல்லைகள் அழிந்து தொழிற்சாலையில் வைத்த எண்களுக்குத் திரும்பக்கூடும். திரையில் அதற்கு அறிகுறி எதுவும் இருக்காது. மென்பொருளைப் புதுப்பித்துத் தருவார்கள். எப்போது என்று சொல்லவில்லை.

படித்தவுடன் சுருக்கென்றது. போன மாதம் வீட்டில் மின்சாரம் போய் வந்தது. அதற்குப் பிறகு பார்த்தால் ரத்த ஆக்சிஜன் சதவீதத்தின் கீழ் எல்லை 85 என்று நின்றது. வீட்டுக்கு வந்த தாதி 88 என்று வைத்துவிட்டுப் போயிருந்தார். பணிப்பெண் கை பட்டு மாறியிருக்கும் என்றார் அண்ணன். அந்தப் பொத்தான் பக்கமே போகவில்லை என்று பணிப்பெண் சத்தியம் செய்தார்.

கடைக்குத் தொலைபேசியில் பேசினேன். "ஒருமுறை அணைத்துப் போடுங்கள், சரியாகிவிடும்" என்கிறார்கள். அணைந்து எழுந்தால்தானே அழிகிறது என்று கடிதம் சொல்கிறது!

இதற்கிடையில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா, சீன மானிட்டர்கள் நோயாளி விவரங்களைத் திருடி அனுப்புகின்றன, தூக்கி எறியுங்கள் என்று ஒரு செய்தியைப் போட்டிருக்கிறார். இரண்டும் ஒரே விவகாரமா? கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமா, அதுவரை மாட்டலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தெம்பனிஸ்காரன்:

கடையை நம்பிப் பயனில்லை அக்கா. மாடல் எண்ணைப் போட்டு இணையத்தில் தேடுங்கள், புதிய மென்பொருள் கோப்பு எங்காவது கிடைக்கும். யுஎஸ்பியில் ஏற்றிச் செருகினால் முடிந்தது. எங்கள் வீட்டு டிவி பெட்டிக்கு அப்படித்தான் செய்தேன்.

பழுதுபார்ப்பவன்:

தம்பி, டிவி பெட்டி பாதியில் படுத்துவிட்டால் நாடகம் போகும், வேறொன்றும் இல்லை. மானிட்டரின் மென்பொருளில் உற்பத்தியாளர் அனுப்பும் ஆள் தவிர யாரும் கை வைக்கக் கூடாது. ஏற்றிய பிறகு அளவுகள் ஒழுங்காக வருகின்றனவா என்று சோதனைக் கருவி வைத்துப் பார்க்க வேண்டும். அது எந்த வீட்டிலும் இருக்காது.

சகோதரி, நான் மருத்துவமனைக் கருவிகளைப் பராமரிக்கும் வேலையில் இருப்பவன். இத்தகைய கடிதங்கள் எங்கள் மேசைக்கு ஓயாமல் வரும். மீட்பு நடவடிக்கை, அதாவது விற்ற கருவியில் குறை கண்டு எடுக்கும் ‘ரீகால்’ என்றவுடன் கருவியை மூட்டை கட்டி அனுப்ப வேண்டியதில்லை. மென்பொருள் கோளாறு என்றால் பெரும்பாலும் கருவி இருந்த இடத்திலேயே இருக்கும், ஆள் வந்து திருத்திவிட்டுப் போவார். சில சமயம் "இதை இப்படிப் பயன்படுத்தாதீர்கள்" என்ற அறிவுறுத்தலோடு முடிந்துவிடும். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ இவற்றை ஆபத்தின் அளவை வைத்து மூன்று வகுப்புகளாகப் பிரிக்கிறது. முதல் வகுப்பு என்றால் உயிருக்கே உலை வைக்கக்கூடியது. இங்கே சிங்கப்பூரில் விற்பனையாளர் சுகாதார அறிவியல் ஆணையத்திடம் தெரிவித்தாக வேண்டும். ஆணையத்தின் இணையத்தளத்தில் இந்தப் பாதுகாப்பு அறிவிப்புகள் வெளியாகின்றன. உங்கள் கடிதத்தின் தலைப்பில் உள்ள எண்ணை அங்கே ஒப்பிட்டுப் பாருங்கள். பதிவுபெற்ற மருத்துவக் கருவிகளின் பட்டியலும் அங்கே இருக்கிறது, உங்கள் மாடல் அதில் உண்டா என்றும் தேடலாம்.

அடுத்து, கருவியின் அமைப்புகளுக்குள் போய் மென்பொருள் பதிப்பு எண்ணைக் கண்டுபிடித்து எழுதிக்கொள்ளுங்கள். பின்பக்க ஸ்டிக்கரில் வரிசை எண் இருக்கும். எந்தெந்தப் பதிப்புகள் பாதிக்கப்பட்டவை என்று கடிதத்தில் போட்டிருப்பார்கள். இந்த எண்கள் கையில் இல்லாமல் கடைக்குப் பேசினால் அணைத்துப் போடச் சொல்வதைத் தவிர அவர்களுக்கும் வேறு பதில் வராது.

கடிதத்தைப் பார்த்தால் ஏதோ சின்னக் குறை போலத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. செத்துப்போன மானிட்டரைவிட, எல்லாம் நன்றாக இருப்பதாகக் காட்டிக்கொண்டே கடமையைக் கைவிடும் மானிட்டர்தான் மோசம். திரை கறுத்தால் பணிப்பெண் ஓடி வருவார். 88 என்பது சத்தமில்லாமல் 85 ஆனால் யார் ஓடி வருவார்? பிலிப்ஸின் நடமாடும் இதயக் கண்காணிப்புச் சேவையில் இதே மாதிரிதான் ஆயிற்று. உடலில் ஒட்டிய கருவி வேலை செய்தது, ஈசிஜி பதிவானது. ஆனால் மென்பொருள் அமைப்பில் இருந்த பிழையால், பார்த்து மருத்துவருக்குச் சொல்ல வேண்டிய தொழில்நுட்பர்களிடம் சில பதிவுகள் போகவே இல்லை. 2022 ஜூலை முதல் 2024 ஜூலை வரை இது நீடித்தது. எஃப்.டி.ஏ அதை முதல் வகுப்பில் வைத்தது. அதன் அறிவிப்பில் 109 பேருக்குப் பாதிப்பு, 2 மரணங்கள் என்று இருக்கிறது.

இரவுப்பணித் தாதி:

அலாரம் உயிரோடு இருக்கிறதா என்று வீட்டிலேயே சோதிக்கலாம் சகோதரி. பலர் விரலிலிருந்து கிளிப்பைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "அடிக்கிறது" என்று திருப்தி அடைந்துவிடுவார்கள். அது கிளிப் கழன்றதற்கான அலாரம், எல்லைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அப்பா விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருந்துகொண்டே இதைச் செய்யுங்கள். திரையில் 92 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். கீழ் எல்லையை 94க்கு ஏற்றுங்கள். சில விநாடிகளில் ஒலி வர வேண்டும், எண் நிறம் மாறி மினுக்க வேண்டும். வந்ததும் மறக்காமல் 88க்கே இறக்கிவிட்டு, இறக்கியதைப் பணிப்பெண்ணிடமும் காட்டுங்கள்.

மணிப் படத்தின் மேல் குறுக்குக் கோடு விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பல கருவிகளில் பக்கத்தில் நேரம் குறைந்துகொண்டே வந்தால் தற்காலிக நிறுத்தம், நேரம் எதுவும் ஓடவில்லை என்றால் அலாரம் முழுதாக அணைக்கப்பட்டிருக்கிறது.

எல்லை எண்களை ஒரு சீட்டில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டிவிடுங்கள், பணிப்பெண்ணுக்குப் புரியும் மொழியில். கருவி எப்போது அணைந்து எழுந்தாலும் சீட்டும் திரையும் ஒன்றுதானா என்று அவர் பார்க்கட்டும். எண்ணுக்குப் பக்கத்தில் ஓடும் அலை ஒழுங்காக ஏறி இறங்க வேண்டும். அலை தட்டையாகவோ கிறுக்கலாகவோ இருந்தால் அந்த எண்ணை நம்ப வேண்டாம். விரல் குளிர்ந்திருந்தாலும் நகப்பூச்சு இருந்தாலும் இப்படி ஆகும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். அலாரம் அடித்தவுடன் பதறி ஆக்சிஜன் குமிழைக் கூட்டிவிடாதீர்கள். இந்த நோயில் பொதுவாக 88 முதல் 92 வரை என்றுதான் இலக்கு வைப்பார்கள். தேவைக்கு மேல் ஆக்சிஜன் போனால் சிலருக்கு உடலில் கரியமில வாயு தேங்கிவிடும். எவ்வளவு வைப்பது என்பதை உங்கள் மருத்துவக் குழுதான் சொல்ல வேண்டும். ஆள் மயங்கினாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ மானிட்டர் என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொண்டு நிற்காமல் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள்.

பாசிர் ரிஸ் மாமா:

இத்தனை தொல்லை எதற்கு? என் தாயாரை நாங்கள் மூச்சைப் பார்த்தே பார்த்துக்கொண்டோம். மானிட்டரும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.

இரவுப்பணித் தாதி:

மாமா, நீங்கள் சொல்வதில் பாதி உண்மை. மூச்சு எண்ணிக்கையை ஒரு நிமிடம் முழுதாக எண்ணுவதை நாங்கள் இன்றும் விடவில்லை. ஆனால் உங்கள் வீட்டில் அன்று முறை வைத்து விழித்திருக்க எத்தனை பேர் இருந்தீர்கள்? இங்கே ஒரு மகளும் ஒரு பணிப்பெண்ணும்.

கம்பிவலை:

சித்தப்பாவின் செய்திக்கு மூலம் உண்டு. ஆனால் அது வேறு கோளாறு. 2025 ஜனவரி 30 அன்று எஃப்.டி.ஏவும் அமெரிக்க இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசாவும் கான்டெக் சி.எம்.எஸ். 8000 என்ற மானிட்டரைப் பற்றி எச்சரித்தன. எப்சிமெட் எம்.என். 120 என்ற பெயரிலும் அது விற்கப்படுகிறது. அதன் மென்பொருளுக்குள்ளேயே ஓர் இணைய முகவரி எழுதப்பட்டிருந்தது. வலையமைப்பில் இணைத்தால் நோயாளி விவரங்கள் அங்கே போகும், வெளியிலிருந்து கருவியைக் கட்டுப்படுத்தவும் வழி இருந்தது. அதனால் யாருக்கும் பாதிப்பு நேர்ந்ததாக அப்போது தகவல் இல்லை என்றும் எஃப்.டி.ஏ சொன்னது. பிறகு கிளாரோட்டி என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், இது வேண்டுமென்றே வைத்த கள்ளக் கதவு என்பதைவிட அக்கறையில்லாத வடிவமைப்பாகவே தெரிகிறது என்றார்கள். திருடனோ சோம்பேறியோ, விவரம் வெளியே போவது போவதுதான்.

சீனத்துக் கருவிக்கு மட்டும் வந்த வியாதியும் அல்ல இது. 2020 ஜனவரியில் ஜி.இ. நிறுவனத்தின் மையக் கண்காணிப்பு நிலையங்களில் இருந்த ஓட்டைகளைப் பற்றி எச்சரிக்கை வந்தது. வலையமைப்புக்குள் நுழைந்தவர் அலாரத்தையே அடக்க முடியும் என்ற அளவுக்கு அவை இருந்தன.

உங்களுடையது அந்த மாடல் இல்லையென்றால் தூக்கி எறிய வேண்டியதில்லை. அந்த மாடல்தான் என்றால் அன்று சொன்ன அறிவுரை எளிது: வலைக் கம்பியைப் பிடுங்கு, வைஃபையை அணை, கட்டிலருகே மட்டும் பயன்படுத்து. வைஃபையை அணைக்கவே முடியாவிட்டால் பயன்படுத்தாதே. அடுத்த முறை வாங்கும்போது, இங்கே 2024 அக்டோபரில் தொடங்கிய மருத்துவக் கருவிகளுக்கான இணையப் பாதுகாப்பு முத்திரைத் திட்டத்தில் அது இருக்கிறதா என்று கேளுங்கள். நான்கு நிலைகள் உண்டு. கட்டாயமில்லை என்பதால் எல்லாக் கருவிகளிலும் முத்திரை இருக்காது.

ஈசூன் மகள்:

எல்லாருக்கும் நன்றி. எங்களுடையது அந்த மாடல் இல்லை. பதிப்பு எண்ணைக் கண்டுபிடித்துவிட்டேன், கடிதத்தின் பட்டியலில் அது இருக்கிறது.

தாதி அக்கா சொன்னபடி சோதித்தேன், அலாரம் அடித்தது. பிறகு அப்பாவின் விரலிலிருந்து கழற்றிவிட்டு இன்னொன்றையும் செய்து பார்த்தேன். திரையின் பொத்தானை அழுத்தி முறையாக அணைத்துப் போட்டால் 88 அப்படியே இருக்கிறது. சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினால் கருவி உடனே அணைந்துவிடுகிறது. மறுபடி போட்டால் 85. கடைக்காரர் சொன்னபடி "அணைத்துப் போட்டால்" எதுவும் தெரியாததற்கு இதுதான் காரணம் போலும்.

பழுதுபார்ப்பவன்:

பிளக்கைப் பிடுங்கியவுடன் அணைகிறதா? அப்படியானால் உங்களுக்கு இரண்டு கோளாறுகள். இத்தகைய மானிட்டருக்குள் பேட்டரி இருக்கும். மின்சாரம் போனால் அது கருவியைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். உங்களுடையது தேய்ந்துவிட்டது, அல்லது வாங்கியபோதே செருகப்படவில்லை. பேட்டரி உயிரோடு இருந்திருந்தால் அன்று மின்சாரம் போனபோது கருவி அணைந்திருக்காது, எல்லையும் அழிந்திருக்காது. மென்பொருள் வரும்வரை காத்திருக்காமல் இதை உடனே மாற்றச் சொல்லுங்கள். அந்த மாடலுக்கு உரிய பேட்டரிதான் வேண்டும், விலை குறைவு என்று வேறு எதையும் செருக விடாதீர்கள்.

மென்பொருளை ஏற்றும் நாளில் நீங்களும் பக்கத்தில் இருங்கள். ஏற்றும்போதே அமைப்புகள் எல்லாம் தொழிற்சாலை எண்களுக்குப் போய்விடுவது வழக்கம். ஆள் கிளம்புமுன் 88ஐ வைத்துப் பிளக்கைப் பிடுங்கிக் காட்டச் சொல்லுங்கள். புதிய பேட்டரி இருந்தால் கருவி அணையாது, எனவே பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் இந்தச் சோதனை. பதிப்பு எண்ணை வேலை அறிக்கையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கண்ட 85 விவகாரத்தை ஆணையத்திடம் நீங்களே தெரிவிக்கலாம். யாருக்கும் அடிபட்டால்தான் என்றில்லை. மறுபடி நடந்தால் உயிருக்கு ஆபத்தாகக்கூடிய நிகழ்வுகளையும் விற்பனையாளர் 30 நாள்களுக்குள் ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும்.

தாதிமை இல்ல ஊழியர்:

எங்கள் இடத்தில் நடந்ததையும் சொல்கிறேன். மாடியில் இருந்த மானிட்டர்களுக்கு எல்லாம் புதிய மென்பொருளை ஏற்றிவிட்டார்கள். பண்டக அறையில் உதிரியாக வைத்திருந்தவற்றை யாரும் கேட்கவில்லை. ஒரு கருவி பழுதாகி உதிரியை எடுத்துப் போட்டபோது பழைய பதிப்பு அப்படியே இருந்தது. கடையில் இரவல் கருவி தருகிறேன் என்றால் அதையும் பாருங்கள்.

ஈசூன் மகள்:

வரிசை எண், பதிப்பு எண், ஆணையம் என்று மூன்றையும் சொன்னவுடன் கடையின் குரலே மாறிவிட்டது. பேட்டரி வியாழக்கிழமை வருகிறது, மென்பொருளுக்கு ஆள் அடுத்த வாரம். அதுவரை வைத்துக்கொள்ளுங்கள் என்று ஓர் இரவல் மானிட்டரை இன்று கொண்டுவந்தார்கள். பெட்டியைத் திறக்குமுன்பே பதிப்பு எண்ணைக் கேட்டேன். கொண்டுவந்த பையனுக்குத் தெரியவில்லை. போட்டுப் பார்த்தால் எங்கள் கருவியில் இருக்கும் அதே எண்!

பழுதுபார்ப்பவன்:

அதை அப்படியே திருப்பி அனுப்புங்கள். வியாழன் வரை பழகிய கருவியையே வைத்துக்கொள்ளுங்கள், ஒட்டிய சீட்டோடு. பிளக் யார் காலிலும் இடறாத இடத்தில் இருக்கட்டும். இரவல் கருவியின் வரிசை எண்ணைப் படமெடுத்து வைத்திருக்கிறீர்களா? ஆணையத்துக்கு எழுதும்போது அதையும் சேருங்கள்.

ஈசூன் மகள்:

எடுத்துவிட்டேன். பையன் பெட்டியோடு மின்தூக்கிக்குப் போய்விட்டான்.