பூசைக்குப் போக முடியாதவர்கள் ஆண்டவரை எப்படி உணர்கிறீர்கள்?

கேள்வி (கடலூர் முதுநகர்):
அத்தை பக்கவாதத்தில் படுத்த பிறகு ஞாயிறு பூசைக்குப் போவதே அரிதாகிவிட்டது. கஞ்சி ஊட்டி, முதுகில் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்து, துணி அலசிப் போடுவதற்குள் பொழுது போய்விடுகிறது. ஜெபமாலையை எடுத்தால் கண் சொக்குகிறது. ஆனால் கடைசி வாய்க் கஞ்சியை விழுங்கிவிட்டு அத்தை என் மணிக்கட்டைப் பிடிப்பார். பூசையில் நற்கருணை அப்பம் வாங்கும்போது வரும் அதே அமைதி அப்போது வருகிறது. இப்படி நினைக்கலாமா?

பதில் (புதுச்சேரி):
தாராளமா நினைக்கலாம்மா. நோயாளியைப் பார்த்துக்கொண்டது என்னையே பார்த்துக்கொண்டது என்று மத்தேயு 25-இல் ஆண்டவரே சொல்கிறாரே. 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் கார்மேல் மடத்துச் சமையலறையில் வேலை பார்த்த சகோதரர் லாரன்ஸ், பாத்திரச் சத்தத்துக்கு நடுவிலும் பீடத்தின்முன் இருப்பது போலவே கடவுளோடு இருந்தவர்.

பதில் (தேவனாம்பட்டினம்):
எங்கள் கடற்கரை ஆட்களுக்கு யோவான் 21 ரொம்ப நெருக்கம். சீடர்கள் ராத்திரியெல்லாம் வலை போட்டும் ஒன்றும் படவில்லை. விடியலில் கரையில் நின்றவர் யாரென்றும் தெரியவில்லை. உயிர்த்த ஆண்டவரான அவரோ கரி நெருப்பில் மீன் வைத்துச் சாப்பிடக் கூப்பிடுகிறார். கோயிலில் இல்லை, கரையில்! அதற்காகப் பூசையை ஒரேயடியாக விட்டுவிடாதீங்க தங்கச்சி. பங்குச் சாமியாரிடம் சொன்னால் வீட்டுக்கே நற்கருணை கொண்டுவருவார்.

கேட்டவர்:
சொல்லிவிட்டேன் அண்ணா, வெள்ளிக்கிழமை வருகிறார். அத்தைக்கு முழு அப்பம் விழுங்க வராது. சின்னத் துண்டு போதுமா?

பதில் (புதுச்சேரி):
போதும்மா. கூடவே ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கலாம்.