பங்குனி, சித்திரையில் பார்த்த பறவைகள்: மனதில் தங்கிவிட்ட ஒன்றைச் சொல்லுங்கள்

நாவல்மரத்தடி:

பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பு முடிந்ததும் பாதிப் பேர் தொலைநோக்கியைப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள். எனக்கு மனதில் நிற்பதெல்லாம் அதற்குப் பிறகு பார்த்தவைதாம். வலசை வந்தவை கிளம்பும் காலத்தில் உங்களுக்கு வாய்த்ததை எழுதுங்கள். நான் தொடங்குகிறேன்.

தாம்பரம் பக்கம் எங்கள் குடியிருப்பின் பின்மூலையில் ஒரு நாவலும் இரண்டு கொய்யாவும் நிற்கின்றன. ஐப்பசியிலிருந்து அங்கே ஓர் ஆறுமணிக்குருவி, விடியலிலும் அந்தியிலும் கூவும் வலசைப் பறவை. அதன் நிறத்தையெல்லாம் இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பங்குனிக் கடைசியில் தோட்டத்தைச் சுத்தம் செய்கிறோம் என்று சங்கத்தினர் ஆள் வைத்துச் சருகு முழுவதையும் கூட்டித் தீ வைத்துவிட்டார்கள். மாலையில் புகை அடங்குவதற்குள் குருவி மதிலிலிருந்து இறங்கி, நாள்தோறும் சருகு புரட்டும் அதே இடத்தில் வந்து நின்றது. வெறும் மண். அலகால் ஒருமுறை தொட்டுப் பார்த்தது. குட்டை வாலை மேலும் கீழும் ஆட்டியது. அந்த நேரத்துக்குத் தவறாமல் எழும் இரட்டைச் சீழ்க்கை அன்று எழவில்லை.

மறுநாள் அது இல்லை. வடக்கே இமயமலை அடிவாரம், நடு இந்தியா என்று இனப்பெருக்கத்துக்குக் கிளம்பும் பருவம்தான் அது. தீயால் போனதா, தேதியால் போனதா? இதுதான் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பழைய தொலைநோக்கி:

தேதியால்தான். சித்திரையில் அது உங்கள் தோட்டத்தில் இருந்தால்தான் ஆச்சரியம். கிண்டித் தேசியப் பூங்காவின் வேலியோரம் நானும் இப்படி ஒன்றைக் கவனித்து வந்தேன். ஒரு காலையில் கூவியது, அடுத்த காலையில் இல்லை. அங்கே யாரும் தீ வைக்கவில்லை.

ஆனால் சருகு விஷயத்தைச் சும்மா விடாதீர்கள். அடுத்த ஐப்பசிக்குள் அந்த மூலையைத் தயார் செய்ய வேண்டும். சருகை எரிக்காமல் மரத்தடியிலேயே நான்கு விரல் உயரத்துக்குப் பரப்புங்கள். வாரம் ஒருமுறை தண்ணீர் தெளித்தால் மண்புழுவும் பூச்சியும் தாமாக வரும், குருவிக்கு வேண்டியது அவைதான். பாம்பு வரும் என்று சங்கத்தில் சொல்வார்கள். மதிலோரம் மூன்றடி விட்டுப் பரப்பினால் அந்தப் பேச்சு அடங்கும். ஆழமில்லாத மண்தட்டில் தண்ணீர் வையுங்கள், நாள்தோறும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் கொசு. பூனைக்குச் சோறு வைப்பவர் யாராவது இருந்தால் தட்டை வேறு பக்கம் நகர்த்தச் சொல்லுங்கள். இரவில் அந்த மூலைக்குப் பளீர் விளக்கு வேண்டாம். முக்கியமாக, கைபேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டு வெளியே இழுப்பவர்களை உள்ளே விடாதீர்கள். இன்னொரு குருவி இடத்தைப் பிடிக்க வந்துவிட்டது என்று நினைத்து அது இரை தேடுவதை விட்டுவிட்டு அலையும். நீண்ட பயணத்துக்கு முன் உடம்பில் கொழுப்புச் சேர்க்க வேண்டிய நேரம் அது.

உப்பளத்தான்:

வேதாரண்யம், கோடியக்கரை. சித்திரை வெயிலில் உப்பளத்துக்கு யாரும் வருவதில்லை, பூநாரைக்கு வரும் கூட்டமெல்லாம் தை மாதத்தோடு சரி. குளிர்காலத்தில் சாம்பலாக, ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாமல் நிற்கும் வளைமூக்கு உள்ளான்கள் அப்போது செங்கல் நிறத்துக்கு மாறியிருக்கும். சில முழுச் சிவப்பு, சில அரையும் குறையுமாக. இங்கிருந்து சைபீரியாவின் வட துருவ ஓரத்துக்குப் போய் முட்டையிடப் போகிறவை.

அன்று பாத்தி வரப்பில் ஒன்று தனியே நின்றது. காலில் நிறக்கொடி, பறவை எங்கே போய் வருகிறது என்று அறிய ஆய்வாளர்கள் மாட்டும் சிறு பட்டை. எழுத்து இருந்ததும் தெரிந்தது. கானல் அலையில் அந்த எழுத்து நெளிந்துகொண்டே இருந்தது. கொஞ்சம் தணியட்டும் என்று வரப்பில் குந்தினேன். உப்பு வாரிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்து, "அது பறக்கிற வரை உட்கார்ந்திருப்பீர்களா?" என்று கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் ஒரு வல்லூறு வந்தது, மொத்தக் கூட்டமும் எழுந்தது. எங்கே மாட்டிய கொடியோ. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் கோடியக்கரையில் பல பத்தாண்டுகளாக வளையமிடுகிறார்கள், அவர்கள் மாட்டியதாக இருக்கலாம், கடல் கடந்த ஊரில் மாட்டியதாகவும் இருக்கலாம். உள்ளங்கைக்குள் அடங்கும் பறவை அது!

ஒளிப்படப்பெட்டி:

பழைய தொலைநோக்கி அவர்களுக்கு: ஒரு நிமிடம் குரலை ஒலிக்கவிட்டால் பறவை செத்துவிடாது. வாரக்கணக்கில் காத்திருக்க எல்லோருக்கும் விடுமுறை கிடைப்பதில்லை ஐயா.

பழைய தொலைநோக்கி:

நீங்கள் ஒரு நிமிடம், உங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் இருபது பேரும் ஆளுக்கு ஒரு நிமிடம். கணக்குப் போடுங்கள். கூடு கட்டும் காலத்தில் கூட்டைவிட்டு அப்பா பறவை சண்டைக்கு வந்தால் காக்கைக்குத்தான் கொண்டாட்டம்.

உப்பளத்தான் அண்ணே, கொடி கண்டால் எழுத்து மட்டும் போதாது. எந்தக் கால், முட்டிக்கு மேலா கீழா, எத்தனை கொடி, மேலே எந்த நிறம், கீழே எந்த நிறம் என்பதையும் குறித்தால் எழுத்து இல்லாமலே எந்த நாட்டில் மாட்டியது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். கானல் எழும்முன், காலை எட்டு மணிக்குள் பார்த்துவிட வேண்டும்.

உப்பளத்தான்:

நான் உப்பளத்திலேயே பிறந்தவன், கானல் எப்போது எழும் என்று தெரியும். அது வந்து நின்றது பதினோரு மணிக்கு. என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

வளவுக்காரி:

நான் யாழ்ப்பாணம். எங்கள் வளவிலும் ஆறுமணிக்குருவி உண்டு, கிணற்றடி வாழைக்குள். ஆனால் எனக்கு மறக்காதது மன்னார்.

வாடை ஓய்ந்து, சோழகம் என்னும் தென்மேற்குக் காற்று இன்னும் தொடங்காத நாட்கள். மன்னார்ப் பாலத்தடியில் நீர் வற்றி, சேற்றில் பூநாரைகள். வங்காலைச் சரணாலயத்தை 2010இல் உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள், இந்தப் பக்கமெல்லாம் அவற்றுக்குச் சாப்பாட்டு மேசைதான். நாங்கள் போன மாலை ஒரு கூட்டம் எழுந்தது. முதலில் ஓட்டம், பிறகு கழுத்தை நீட்டிய வரிசை, சிறகின் செம்மையும் கறுப்பும். கீழே ஒன்று மட்டும் எழவில்லை. இளம் பறவை, இன்னும் சாம்பல் நிறம் மாறாதது. தலைகீழாக அலகைச் சேற்றில் வைத்து உறிஞ்சியபடியே இருந்தது. மேலே போன கூட்டம் ஒரு வட்டம் அடித்தது. அதற்காகத்தான் என்று என் மகள் சொன்னாள், காற்றுப் பார்க்கத்தான் என்று இவர் சொன்னார். வீடு வந்து சேரும்வரை இரண்டு பேருக்கும் வாக்குவாதம். இளம் பறவைகள் சில கோடை முழுவதும் தங்கிவிடும் என்று பிறகு அறிந்தேன். அப்படியும் மகளிடம் காற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கண்மாய்க்கரை:

மதுரைக்குத் தெற்கே எங்கள் கண்மாய். எல்லோரும் வெளியூர்ப் பறவையைச் சொல்கிறீர்கள், நான் ஆள்காட்டியைச் சொல்கிறேன். ஆடு மேய்ப்பவர் முதல் வேட்டைக்காரர் வரை யாரையும் காட்டிக்கொடுக்கும் அந்தச் சத்தத்தை விரும்புபவர்களைக் காண்பது அரிது.

கரைக்கு அப்பால் மனை பிரித்துக் கல் நட்டிருக்கிறார்கள். அந்தச் சரளைக்குள் நான்கு முட்டை. கூடு என்று ஒன்றும் இல்லை, கூழாங்கல்லுக்கு நடுவே புள்ளி போட்ட கூழாங்கற்கள். சித்திரை நடுப்பகல், செருப்பைக் கழற்றினால் நிற்க முடியாது. ஒரு பறவை முட்டையின்மேல் அமராமல் நின்று நிழல் கொடுத்துக்கொண்டிருந்தது. மற்றது கண்மாயில் மிச்சமிருந்த குட்டைக்குப் போய், வயிற்றை நீரில் அழுத்தி நனைத்துக்கொண்டு நடந்தே வந்தது. நின்றது விலகியது. நனைந்தது அமர்ந்தது. முட்டை வெந்துவிடாமல் இருக்க அவை செய்யும் வேலை இது. அடைகாத்தல் என்றால் சூடு கொடுப்பது என்றுதானே பள்ளிக்கூடத்தில் படித்தோம்.

மறுநாள் மண் லாரி வந்தது. ஓட்டுநரிடம் முட்டையைக் காட்டினேன். இறங்கிப் பார்த்தார், பீடியைப் பற்ற வைத்தார், நாலு கல்லைச் சுற்றி அடுக்கிவிட்டு வண்டியை வளைத்து ஓட்டினார். அவருக்குப் பின்னால் வந்த வண்டி என்ன செய்யும் என்று பார்க்க நான் நிற்கவில்லை, அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது.

ஒளிப்படப்பெட்டி:

கண்மாய்க்கரை, படம் எடுத்தீர்களா?

கண்மாய்க்கரை:

இல்லை. வெயிலில் முட்டையை விட்டு அவற்றை எழுப்பிப் படம் எடுக்க வேண்டுமா?

குளத்துப்பட்டி:

சண்டை போதும். கூந்தன்குளம் போனவர்கள் யாருமே எழுதவில்லையே. திருநெல்வேலிச் சீமையில் மற்ற இடமெல்லாம் காய்கிறபோது அங்கே கூட்டில் குஞ்சு இருக்கும். மாசிக்குப் பிறகு பட்டைத்தலை வாத்துகள் இமயத்தைத் தாண்டிக் கிளம்பிவிடும், சங்குவளை நாரைகளும் கூழைக்கடாக்களும் தங்கிக் குஞ்சு பொரிக்கும். அதுவும் காட்டில் இல்லை, தெருவில், வீட்டு மரத்தில்.

ஒரு வீட்டுத் திண்ணையில் இடம் கொடுத்தார்கள். தலைக்கு மேலே நாரை, குஞ்சுகளின்மேல் சிறகை விரித்து நின்றது. வெயில் நகர நகரத் தானும் திரும்பிக்கொண்டது. திடீரென்று மேலேயிருந்து பாதி செரித்த மீன் ஒன்று வாசலில் விழுந்தது. அந்த வீட்டு அம்மாள் விளக்குமாற்றோடு வந்தார். நாற்றம் பழகிவிட்டதா என்று கேட்டேன். "பழகவில்லை. ஆனால் இவை வந்தால்தான் மழை நன்றாக இருக்கும், எச்சம் வயலுக்கு உரம். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து கூட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்" என்றார். சொல்லிக்கொண்டே அவர் நிமிர்ந்து மேலே பார்த்துத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. அந்த ஊரில் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. மரத்திலிருந்து விழும் குஞ்சை எடுத்து வளர்க்கிறார்கள். பழைய தொலைநோக்கி ஐயா சொல்லும் மண்தட்டும் மூன்றடி இடைவெளியும் அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பழைய தொலைநோக்கி:

மண்தட்டு ஆறுமணிக்குருவிக்குச் சொன்னது, நாரைக்கு இல்லை. படித்துவிட்டு எழுதுங்கள்.

வளவுக்காரி:

கூந்தன்குளத்துக்கு வைகாசியில் வந்தால் குஞ்சு இருக்குமா? அப்போதுதான் மகளுக்கு விடுமுறை கிடைக்கும்.

குளத்துப்பட்டி:

குளத்தில் தண்ணீர் நின்றால் இருக்கும், பெரிய குஞ்சாக இருக்கும். தண்ணீர் இல்லாத வருடம் வந்து ஏமாறாதீர்கள், கிளம்பும்முன் இங்கே கேளுங்கள், ஊரில் விசாரித்துச் சொல்கிறேன். குடை கொண்டுவாருங்கள், வெயிலுக்கு மட்டும் இல்லை.