கால் பயிற்சியால் டெஸ்டோஸ்டிரோன் கூடுமா?

சத்துவாச்சாரி இளைஞர்:
காமன்வெல்த் போட்டிகளில் 2014, 2018 ஆகிய இருமுறையும் பளுதூக்கலில் தங்கம் வென்ற சதீஷ் சிவலிங்கம் எங்கள் ஊர்க்காரர் என்பதால், இங்கே பள்ளிப் படிப்பு முடியும் முன்பே பலர் ஜிம்முக்கு வந்துவிடுகிறார்கள். ஸ்குவாட் (சுமையோடு உட்கார்ந்து எழும் கால் பயிற்சி) செய்தால் உடலில் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோன் கூடும், அதனாலேயே கையும் பருக்கும் என்கிறார் எங்கள் பயிற்சியாளர். இது உண்மையா? கூடினால் எவ்வளவு நேரம் நிற்கும்?

காட்பாடி உடலியல் ஆசிரியர்:
கூடுவது உண்மைதான், தம்பி. தொடை, இடுப்பு, முதுகு போன்ற பெரிய தசைகளுக்குக் கனமான சுமை கொடுத்து, இடையில் குறைவாக ஓய்வெடுத்தால் இரத்தத்தில் அதன் அளவு உயரும். ஆனால் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கே இறங்கிவிடும். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி எல்.எச். என்னும் ஹார்மோனை அனுப்ப, விந்தகத்திலுள்ள லீடிக் செல்கள் டெஸ்டோஸ்டிரோனைச் சுரப்பதே வழக்கமான பாதை. பயிற்சியின்போது தெரியும் உயர்வு முழுவதும் புதிய சுரப்பு அன்று: இரத்தத்தின் நீர்ப்பகுதி தசைகளுக்குள் இறங்குவதால் இரத்தம் சற்றுக் கெட்டிப்படுகிறது, கல்லீரலுக்குச் செல்லும் இரத்தம் குறைவதால் ஹார்மோன் சிதைவதும் தாமதமாகிறது.

கை பருப்பது வேறு கதை. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் ஒரே ஆளின் ஒரு கைக்குத் தனியாகவும், மறு கைக்குக் கடுமையான கால் பயிற்சியோடு சேர்த்தும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். 2010-இல் வெளியான அந்த ஆய்வில் இரு கைகளும் ஏறத்தாழ ஒரே அளவே வளர்ந்திருந்தன. எந்தத் தசைக்குச் சுமை கொடுக்கிறோமோ அதுதான் வளரும். கால் பயிற்சியைக் காலுக்காகவே செய்யுங்கள்.

வேலூர் ஆய்வகப் பணியாளர்:
கத்திரி வெயிலில், தகரக் கூரை ஜிம்மில் வியர்த்துக்கொட்டிவிட்டு, ஈரம் காயாத பனியனோடு நேராக வந்து இரத்தம் கொடுப்பவர்கள் உண்டு. அப்போது வரும் அளவை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. இந்த ஹார்மோன் காலையில்தான் உச்சத்தில் இருக்கும். ஆகவே வெறும் வயிற்றில், 7 முதல் 10 மணிக்குள், பயிற்சிக்கு முன்பாகக் கொடுங்கள். குறைவாக வந்தால் வேறொரு நாள் மறுபடியும் பார்க்க வேண்டும்.

குடியாத்தம் பழைய பயில்வான்:
பயிற்சி செய்யாத நேரத்திலும் டெஸ்டோஸ்டிரோன் அளவு உயர வேண்டுமென்றால், தொப்பை உள்ளவர்கள் முதலில் அதைக் குறைக்கட்டும். கொழுப்புத் திசுவிலுள்ள அரோமட்டேஸ் என்னும் நொதி டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடுகிறது. தூக்கம் கெட்டாலும், போதிய உணவின்றி மிதமிஞ்சி ஓடினாலும் அளவு இறங்கும். ஜிம் வாசலில் எவராவது டெஸ்டோஸ்டிரோன் ஊசியை நீட்டினால் மட்டும் வாங்கிவிடாதீர்கள், தம்பி. வெளியிலிருந்து ஏற்றினால் மூளை எல்.எச். அனுப்புவதை நிறுத்திவிடும், விந்தகம் சுருங்கி, விந்தணுக்களும் குறையும். ஊசியை விட்ட பிறகும் சொந்தச் சுரப்பு திரும்பப் பல மாதங்கள் ஆகலாம்.